89 நாளில் திரைக்கு வந்த உளவுப் படம்! ‘பிளாக் டிராகன்ஸ்’ தெரியுமா?

1941 டிசம்பர் 7. ஞாயிற்றுக்கிழமை காலை. பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு மழை பொழிகின்றன. 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பலி! நாடே நடுங்கிப் போகிறது. இந்தச் சூட்டோடு ஒரு உளவாளி சினிமா எடுத்து வெளியிட எத்தனை நாளாகும்? இரண்டு வருடம்? ஒரு வருடம்? குறைந்தது ஆறு மாதம்?

89 நாள்! 1942 மார்ச் 6-ம் தேதி ‘பிளாக் டிராகன்ஸ்’ தியேட்டருக்கே வந்துவிட்டது!

படத்தின் நீளம் எவ்வளவு தெரியுமா? சுமார் 64 நிமிடம்! நம்மூர்ப் படத்தில் இடைவேளை கூட வந்திருக்காது, அங்கே கதையே முடிந்து விளக்குப் போட்டுவிடுவார்கள்!

சரி, இந்த 64 நிமிடத்துக்குள் எதையெல்லாம் திணித்திருக்கிறார்கள்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! ஜப்பானில் ‘பிளாக் டிராகன்’ என்று ஒரு ரகசியச் சங்கம். அதற்கு உதவ ஜெர்மனியிலிருந்து ஒரு நாஜி டாக்டர் வருகிறார். ஆறு ஜப்பானிய உளவாளிகளுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி செய்கிறார். எதற்கு? அமெரிக்காவின் ஆறு பெரும்புள்ளிகளைப் போல அச்சு அசலாக மாற்றுவதற்கு! அசல் ஆட்களைத் தீர்த்துக்கட்டிவிட்டு, போலிகள் அவர்களுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். ரயில் கவிழ்கிறது, கப்பல் மூழ்குகிறது, தொழிற்சாலை தீப்பிடிக்கிறது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை!

வேலை முடிந்ததும் டாக்டருக்கு என்ன பரிசு? பணமா, பதக்கமா? சிறை! ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று ஆயுள் முழுக்க உள்ளே தள்ளிவிடுகிறது அந்தச் சங்கம். அந்தச் சிறையில் டாக்டரின் சாயலிலேயே இன்னொரு கைதி இருக்கிறார்! போதாதா? ஆளை மாற்றிக்கொண்டு தப்பித்து, நேராக அமெரிக்கா வந்து, தான் முகம் மாற்றிய ஆட்களை ஒவ்வொருவராகப் பழிவாங்கத் தொடங்குகிறார்!

பிணங்கள் எங்கே கிடக்கின்றன தெரியுமா? வாஷிங்டனில் உள்ள ஜப்பானியத் தூதரகத்தின் வாசற்படியில்! கையில் ஒரு ஜப்பானியக் குத்துவாள்! போலீசுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை!

இதில் இன்னொரு வேடிக்கை. மேலே சொன்ன பிளாஸ்டிக் சர்ஜரி கதை படத்தின் தொடக்கத்தில் வருவதே இல்லை! கொல்பவர் உண்மையில் யார், ஏன் கொல்கிறார் என்று ஒன்றுமே சொல்லாமல் இழுத்துக்கொண்டே போய், கடைசிச் சில நிமிடங்களில் மொத்த ரகசியத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறார்கள்! அந்தக் கணத்தில் ரசிகர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

நாஜி டாக்டராக நடித்தவர் யார்? ‘டிராகுலா’ பெலா லுகோசி! உலகத்தையே பயமுறுத்திய அதே இரத்தக்காட்டேரி! அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

படத்தை எடுத்த மோனோகிராம் கம்பெனி எப்படிப்பட்டது தெரியுமா? ஹாலிவுட்டில் சில்லறைக் காசில் படம் எடுக்கும் கம்பெனிகளுக்கு ‘பாவர்ட்டி ரோ’, அதாவது வறுமைத் தெரு என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. அந்தத் தெருவின் முக்கியமான குடித்தனக்காரர்களில் ஒருவர்தான் மோனோகிராம்! 1941 முதல் 1944 வரை லுகோசியை வைத்து மட்டும் 9 படங்கள்! எண்ணிப் பாருங்கள், நான்கே ஆண்டில் 9! ரயில் விபத்து, கப்பல் தீ போன்ற பிரமாண்டக் காட்சிகளுக்கு என்ன செய்தார்கள் என்கிறீர்களா? ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஸ்டாக் ஷாட்டுகளை வெட்டி ஒட்டிக்கொண்டார்கள்!

இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் சாம் காட்ஸ்மேன். 1948-ல் சூப்பர்மேன் முதன்முதலாக மனித உருவில் திரையில் தோன்றிய தொடர்படத்தைத் தயாரித்தவர் இவர்தான்! 1956-ல் ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ எடுத்து இளைஞர்களை ஆட வைத்தவரும் இவர்தான்!

டைரக்டர் வில்லியம் நை? மௌனப்பட காலத்தில் பெரிய கம்பெனியான எம்.ஜி.எம்.மில் நடிகர் லான் சேனியை இயக்கியவர்!

அமெரிக்க அரசு சொல்லித்தான் இந்தப் பிரசாரப் படத்தை எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்களா? சினிமாவுக்கும் வழிகாட்டிய அரசின் போர்த் தகவல் அலுவலகம் பிறந்ததே 1942 ஜூனில்தான்! அதற்கு மூன்று மாதம் முன்பே ‘பிளாக் டிராகன்ஸ்’ ஓடத் தொடங்கிவிட்டது! பின்னால் அந்த அலுவலகம் ஹாலிவுட்டுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதில் எழுப்பிய முதன்மையான கேள்வி என்ன தெரியுமா? இந்தப் படம் போரில் வெல்ல உதவுமா என்பதுதான்! நம் எதிரி ஒரு இனம் அல்ல, ஆதிக்க வெறி பிடித்த கொள்கைதான் என்றும் அந்தக் கையேடு பாடம் எடுத்தது. மோனோகிராமுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. டிராகன் சங்கத் தலைவராக ஒரு வெள்ளைக்கார நடிகருக்கு மேக்கப் போட்டே ஜப்பானியராக்கிவிட்டார்கள்!

அப்படியொரு சங்கம் நிஜமாகவே இருந்ததா? இருந்தது! ஜப்பானில் 1901-ல் உச்சிடா ரியோஹெய் என்பவர் தொடங்கியது. அமூர் நதிக்குத் தெற்கே ரஷ்யாவை அண்டவிடக் கூடாது என்பது அவர்கள் குறிக்கோள். போர் முடிந்த பிறகு 1946-ல்தான் அதைக் கலைத்தார்கள்! முகத்தை மாற்றும் நாஜி டாக்டர் மட்டும் முழுக்க முழுக்கக் கற்பனை.

இதைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள்! அந்தச் சங்கத்தாரின் குருவாக இருந்த மிட்சுரு தோயாமாதான் நம் நாட்டு விடுதலை வீரர் ஒருவரைக் காப்பாற்றியவர்! யார் அவர்? 1912-ல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் வெள்ளையர் வலைவீசித் தேடிய ராஷ் பிஹாரி போஸ்! 1915-ல் டோக்கியோவுக்குத் தப்பி வந்தவரை நாடு கடத்த உத்தரவு வந்துவிட்டது. தோயாமா வீட்டுக்குள் நுழைந்தவர் பின்பக்கமாகக் கம்பி நீட்டிவிட்டார்! எங்கே ஒளிந்தார்? ஒரு பேக்கரியில்! நகமுராயா என்ற அந்த பேக்கரிக் குடும்பத்தின் மகளையே 1918-ல் மணந்தார். 1927-ல் அங்கே இந்தியக் கறியும் சோறும் விற்பனைக்கு வந்தது. டோக்கியோவில் இன்றும் கிடைக்கிறது! அது மட்டுமா? ‘பிளாக் டிராகன்ஸ்’ அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த அதே 1942 மார்ச் மாதக் கடைசியில், இந்த போஸ்தான் டோக்கியோவில் இந்திய சுதந்திர லீக் மாநாட்டை நடத்தினார்!

திரும்ப அமெரிக்காவுக்கு வருவோம். படத்தில் பிணங்கள் கிடந்த அந்தத் தூதரகத்தில் நிஜத்தில் என்ன நடந்தது? டிசம்பர் 7-ம் தேதியே ஊழியர்கள் ரகசியக் காகிதங்களை வெளியே கொண்டுவந்து போட்டுக் கொளுத்தினார்கள்! பிறகு அந்தத் தூதரக அதிகாரிகளை அமெரிக்கா எங்கே அடைத்து வைத்தது தெரியுமா? வர்ஜீனியாவில் ஹோம்ஸ்டெட் என்ற ஆடம்பர ஹோட்டலில்! அப்புறம் அதைவிடப் பெயர் பெற்ற கிரீன்பிரையர் ஹோட்டலில்! எதிரி நாட்டு அதிகாரிகளுக்குப் பஞ்சணை!

ஆனால் அமெரிக்காவிலேயே குடியிருந்த ஜப்பானிய வம்சாவளியினருக்கு? படம் வெளியாவதற்கு 15 நாள் முன்பு, பிப்ரவரி 19-ம் தேதி, அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள்! ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே சாண்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே குதிரை லாயத்திலேயே குடும்பங்களைத் தங்க வைத்தார்கள்! பச்சைக் குழந்தைகளோடு!

அத்தனை பேரில் எத்தனை பேர் உளவாளிகள் என்று தெரிய வந்தது? சொன்னால் நம்பமாட்டீர்கள். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 1983-ல் அறிக்கை வெளியிட்டது. மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் உளவு பார்த்ததாகவோ நாசவேலை செய்ததாகவோ ஆதாரம் உள்ள ஒரு சம்பவம் கூட இல்லை! ஒன்று கூட! சினிமாவில் ஆறு, நிஜத்தில் பூஜ்யம்! 1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் இயற்றியது. இந்தப் படத்தை ரசிப்பவர்கள் இந்த எண்களையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படத்தில் துப்பறியும் இளைஞராக வருபவர் கிளேட்டன் மூர். சின்ன வயதில் இவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? சர்க்கஸில் பார் விளையாட்டு! 1949-ல் தொலைக்காட்சியில் முகமூடி மாட்டிக்கொண்டு ‘லோன் ரேஞ்சர்’ ஆனதும் அமெரிக்கச் சிறுவர்களின் தெய்வமாகிவிட்டார்! 1979-ல் ஒரு வேடிக்கையான வழக்கு. அந்தப் பாத்திரத்தின் உரிமை வைத்திருந்தவர்கள், இவர் இனிமேல் பொது இடங்களில் அந்த முகமூடியை அணியக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள்! மனிதர் அசந்தாரா? கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்! சில ஆண்டுகளில் தடையும் போயிற்று, முகமூடியும் திரும்பி வந்தது!

மலிவுப் படக் கம்பெனி என்று மோனோகிராமை யாரும் மதிக்கவில்லை என்கிறீர்களா? 1960-ல் பிரெஞ்சு மேதை கோதார் எடுத்த ‘பிரெத்லெஸ்’ உலக சினிமாவையே புரட்டிப் போட்டது. அதை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார்? மோனோகிராமுக்கு! ‘பிளாக் டிராகன்ஸ்’ இன்று அமெரிக்காவில் யாருடைய சொத்தும் அல்ல. காப்புரிமை இல்லாததால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்!

இப்போது லுகோசிக்கு வருவோம். 1882-ல் அன்றைய ஹங்கேரியில் லூகோஷ் என்ற ஊரில் பிறந்தவர். ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார்! முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போய்க் காயம்பட்டுத் திரும்பினார். 1919-ல் ஹங்கேரியில் நடிகர் சங்கம் அமைக்கப் பாடுபட்டார். ஆட்சி கவிழ்ந்ததும் உயிர் தப்பி ஓட வேண்டியதாயிற்று! அமெரிக்கா வந்தபோது ஆங்கிலமே தெரியாது. வசனத்தை ஒலியாக மட்டும் மனப்பாடம் செய்து மேடையேறினார்! 1931-ல் வெளிவந்த ‘டிராகுலா’வுக்கு வாங்கிய சம்பளம்? வாரம் 500 டாலர், ஏழு வாரம், ஆக மொத்தம் 3,500 டாலர்தான்! அவ்வளவு பெரிய வெற்றிக்கு அவ்வளவு சின்னத் தொகை!

திரையில் நாஜியாக வந்த இவர் நிஜத்தில் என்ன செய்தார் தெரியுமா? ஜனநாயகத்துக்கான ஹங்கேரிய அமெரிக்கர் பேரவைக்குத் தலைமை ஏற்று நாஜிகளையும் அவர்களுக்குத் துணை போன ஹங்கேரிய அரசையும் மேடை மேடையாக எதிர்த்தார்! 1944-ல் மே மாதம் முதல் ஜூலைக்குள் ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ரயிலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போன இடம் ஆஷ்விட்ஸ். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் ஒரு பேரணி. மிஞ்சியிருக்கும் ஹங்கேரிய யூதர்களை உடனே காப்பாற்றுங்கள் என்று அமெரிக்க அரசைக் கேட்டு அந்த மேடையில் முழங்கியவர், ‘பிளாக் டிராகன்ஸ்’ படத்தின் நாஜி டாக்டர் பெலா லுகோசிதான்!