‘நமக்கு இது வராது’ என்பவர்களுக்குப் பத்து சென்ட் போதும்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நாகை மாவட்டக் கடைமடைக் கிராமம் ஒன்றில் திருந்திய நெல் சாகுபடி பற்றிப் பேசப் போயிருந்தேன். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு, கோனோவீடர் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக நெல் போடுபவர்.

“நீங்க சொல்றது சரிதாங்க சார். நான் எட்டாவதோட நின்னவன். அளவு பார்த்து நடுறதெல்லாம் படிச்சவங்க வேலை. நமக்கு வராது.”

நான் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்தேன். 1980களில் மடகாஸ்கரில் உருவான முறை, 2003-04ல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்துப் பார்த்த முறை என்றெல்லாம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மடகாஸ்கரைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். அது எனக்கு அன்று புரியவில்லை.

கூட்டம் கலையும்போது அவர் மனைவிதான் வழி சொன்னார்: “வாய்க்கா ஓரமா பத்து சென்ட்டுல போட்டுப் பாருங்களேன். போனா போவுது.”

அந்த அம்மா சொன்னதில் சரியான கணக்கு இருந்தது. குத்தகைக்காரருக்கு விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டும். மூன்று ஏக்கரிலும் புது முறையை இறக்கச் சொன்னால் அவர் பயப்படுவது நியாயம்தான். பத்து சென்ட்டில் வழக்கமான விளைச்சல் சுமார் 200 கிலோ. பாதி போனாலும் 100 கிலோ. அதைத் தாங்கலாம்.

பத்து சென்ட்டுக்கு 300 கிராம் விதையும் சுமார் 40 சதுர அடி பாய் நாற்றங்காலும் போதும். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவெடுத்துக்கொண்டார்கள். நாற்றை வேர் மண்ணோடு எடுத்து, கணவனும் மனைவியுமாகவே நட்டு முடித்தார்கள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒற்றை நாற்று நட்ட வயல் முதல் இருபது நாளைக்குப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். தண்ணீருக்கு நடுவே பச்சை ஊசி குத்தியது போலத் தெரியும், அவ்வளவுதான். டீக்கடையில் கேலி தொடங்கியது. 15ஆம் நாள் இரவு எனக்கு போன் செய்தார். “சார், ஊடு நட்டுடவா? ஊரே சிரிக்குது.” உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூரக் கலக்கம்தான். பண்ணையில் வருவதெல்லாம் கடைமடையில் வந்துவிடுவதில்லை. இருந்தாலும், “பத்து குத்துக்குப் பக்கத்தில் குச்சி நடுங்கள். வாரம் ஒரு முறை தூர்களை எண்ணி நோட்டில் எழுதுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம்” என்றேன்.

எண்ணத் தொடங்கியதும் அவர் பேச்சு மாறியது. முதலில் மூன்று, நான்கு. கோனோவீடர் இரண்டு முறை ஓடிய பிறகு பதினைந்து, இருபது. “நீங்க சொன்னபடி வருது” என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் “நான் எண்ணினேன், இருபத்திரண்டு” என்றார்.

ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியல் அறிஞர் 1977ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் வலுவாக வருவது தானே செய்து பார்த்ததில்தான். அடுத்தபடி, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதில் வரும். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு இவற்றைவிட வலு குறைவு. விரிவாக்கப் பணியில் இருக்கும் நாம் நேரத்தைச் செலவிடுவதோ பெரும்பாலும் அந்த மூன்றாவதில். செயல்விளக்கத் திடலையும் பம்புசெட்டும் டிராக்டரும் உள்ளவர் நிலத்தில் போட்டுவிடுகிறோம். பார்க்க வரும் குத்தகைக்காரர், “அவருக்கு வரும், நமக்கு வராது” என்ற நினைப்போடு திரும்புகிறார்.

சம்பாவுக்கு நாற்று விடுபவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். அதே ரகம், அதே உரம். நடுவில் ஒரு வரப்பு. ஒரு பக்கம் பழைய முறை, மறுபக்கம் புதிய முறை. நட்ட 10-12ஆம் நாளில் கோனோவீடர் ஓட்டத் தொடங்கி, 10 நாளுக்கு ஒரு முறை என நான்கு முறை ஓட்டுங்கள். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டினால் போதும். அறுவடையன்று இரு பக்கமும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து தனித்தனியாக அறுத்து, காயவைத்து, எடை போடுங்கள். வரும் கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். இந்த எடையை நீங்களே போட வேண்டும், அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அவர் போட்ட எடையில் பழைய முறை 12 கிலோ, புதிய முறை 14.5 கிலோ. ஏக்கருக்கு 1,944 கிலோவும் 2,349 கிலோவும். பெருக்கலை அவரே நோட்டில் போட்டு, சரிதானா என்று எனக்குக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

மறு ஆண்டு மூன்று ஏக்கரிலும் போடுவார் என்று நினைத்தேன். இரண்டு ஏக்கரில்தான் போட்டார். மீதி ஒரு ஏக்கர் பள்ளக்கால். ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், வடிய வழியில்லை. 14 நாள் நாற்று அதில் முழுகிப்போகும். “அங்க வராதுங்க சார்” என்றார். குரல் முதல் நாள் கேட்டது போல இல்லை. நிலத்தின் மட்டத்தையும் வடிகாலையும் கையால் காட்டிப் பேசினார்.

சென்ற மாதமும் அந்தப் பள்ளக்காலைப் பற்றிக் கேட்டேன். பழைய முறைதான் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.