கடித்த பாம்புக்கு ஊர் எது?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கில் எது கடித்திருந்தாலும் அரசு மருத்துவமனையில் ஏற்றுகிற மருந்து ஒன்றுதான். சிறிய கண்ணாடிக் குப்பி, அதன் அடியில் வெள்ளைத் தூள். தூளை மருத்துவ நீரில் கரைத்து, சலைனில் கலந்து, இரத்தக் குழாய் வழியே ஏற்றுகிறார்கள். உறையவைத்து உலர்த்திய தூள் என்பதால் குளிர்பெட்டி இல்லாத இடத்திலும் கெடாமல் இருக்கும். திருத்தணியில் கொடுக்கும் அதே வகைத் தூளைத்தான் ராஜஸ்தானிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கொடுக்கிறார்கள். இந்தியா முழுக்கப் போகும் அந்த மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் வட தமிழ்நாட்டு வயல்வெளிப் பாம்புகளிடமிருந்து கிடைக்கிறது. இது நமக்குப் பெருமை. அறிவியலாளர்களுக்கோ இதுவே பெரிய தலைவலி. ஏன் என்று பார்ப்போம்.

திருத்தணி வட்டாரத்து அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் நெல், கரும்பு, நிலக்கடலை. அதற்கு அப்பால் பாறைக் குன்றுகள், குன்றுகளைத் தாண்டினால் ஆந்திரம். வயலில் எலி இருக்கிறது, எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வருகின்றன. வறண்ட கற்காடு சுருட்டை விரியனுக்கு ஏற்றது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இந்தியாவில் பாம்புக்கடியால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பிரபாத் ஜா குழுவினர் வீடு வீடாகத் திரட்டிய இறப்புத் தகவல்களைக் கொண்டு கணித்தார்கள். 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000, அதாவது ஒன்பது நிமிடத்துக்கு ஓர் உயிர். இறப்பு மிகுந்த மாநிலங்களில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆந்திரமும் ஒன்று.

நான்கு பாம்புகளில் மிகப் பெரிய கொலைகாரன் கண்ணாடி விரியன். சென்னை ராஜதானியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வேலை பார்த்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் இந்தப் பாம்பு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு கடியில் அது செலுத்தும் நஞ்சை உலர்த்தி எடை போட்டால் சராசரியாக 63 மில்லிகிராம் வரும். மூன்று அரிசி மணியின் எடை. அந்த மூன்று அரிசி எடையில் பல பத்துப் புரதங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. அவற்றில் ஒன்று நம் இரத்தத்தில் உறையும் வேலையைத் தொடங்கிவைக்கும் ‘காரணி பத்து’ என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. இன்னொன்று ‘காரணி ஐந்தை’ எழுப்புகிறது. உடம்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகட்டிகள் உருவாகிக்கொண்டே போகும். சற்று நேரத்தில் உறைவதற்கான சரக்கு முழுவதும் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஈறு, சிறுநீர், ஊசி குத்திய இடம் என எங்கே கசிந்தாலும் இரத்தம் நிற்காது. உறையவைக்கும் நஞ்சு, உறையவே முடியாத நிலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் செய்யும் சோதனையைப் போல எளிமையான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் நோயாளியின் இரத்தம் இரண்டு மில்லி எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் நஞ்சு உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும். இரத்தம் உறையத் தூண்டுவதே கண்ணாடிப் பரப்புதான். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் விடை பொய்யாகிவிடும்.

அதே நஞ்சு மருந்தாகவும் உதவியது. 1934-இல் லண்டனில் மக்பார்லேன் என்ற மருத்துவர், இரத்தம் உறையாத பிறவி நோய் உள்ளவர்களின் காயத்தில் கண்ணாடி விரியன் நஞ்சை மிக நீர்த்த கரைசலாகத் தடவி இரத்தக் கசிவை நிறுத்தலாம் என்று காட்டினார். இன்றும் அடிக்கடி கருச்சிதைவு ஏற்படும் பெண்களுக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனைகளில் ஒன்றுக்கு நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சுதான் வினைப்பொருள். சுருட்டை விரியனும் சளைத்ததில்லை. அதன் நஞ்சிலுள்ள எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான், மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுக்கும் டைரோஃபைபன் மருந்து வடிவமைக்கப்பட்டது.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் வேறு வழியில் போகின்றன. அவை குறிவைப்பது நரம்பு தசையைத் தொடும் இடம். அங்கே நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. தசையின் மேலுள்ள ‘ஏற்பி’ என்ற புரதம் அதை வாங்கிக்கொள்ள, தசை சுருங்குகிறது. மூச்சு விடுவதும் கண் இமைப்பதும் இப்படித்தான். நல்ல பாம்பின் நஞ்சு அந்த ஏற்பியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. நரம்பு செய்தி அனுப்புகிறது, வாங்க ஆளில்லை. கட்டுவிரியன் இதையும் செய்கிறது, இதற்கு மேலும் செய்கிறது. அதன் இன்னொரு நச்சு நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. சிதைந்த முனையை எந்த மருந்தாலும் ஒட்டவைக்க முடியாது, புதிதாக முளைத்தால்தான் உண்டு. அதற்கு நாட்கணக்காகும். அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி நோயாளிக்காக மூச்சு விட வேண்டும். தரையில் படுத்துத் தூங்கும்போது கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாது என்பது இதில் கொடுமை. விடிந்ததும் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று வருவார்கள். கடிவாய் கண்ணிலேயே படாது.

இத்தனை ஆயுதங்கள் பாம்புக்கு எங்கிருந்து வந்தன? நஞ்சுப்பை என்பது எச்சில் சுரப்பியின் மாறிய வடிவம். நச்சுகள் பலவும் உடம்பின் சாதாரணப் புரதங்களிலிருந்து பிறந்தவை. ஒரு மரபணு தற்செயலாக இரண்டு படியாகிவிட்டால், ஒரு படி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது மாறுவதற்குச் சுதந்திரம் பெறும். உணவைச் செரிக்கும் நொதியின் உறவுக்கார நொதி இப்படித்தான் இரையின் தசையைக் கரைக்கக் கற்றது. 2020-இல் சோமசேகர் சேஷகிரி தலைமையிலான குழு நல்ல பாம்பின் முழு மரபுத்தொகுதியையும் படித்து வெளியிட்டது. நச்சு தொடர்பான மரபணுக்கள் 139 இருந்தன. நஞ்சுச் சுரப்பியில் மட்டுமே இயங்குபவை வெறும் 19.

இனி குப்பிக்குள் இருக்கும் தூளுக்கு வருவோம். வியட்நாமின் சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர் கல்மெத் 1890-களில் வகுத்த வழியே இன்றும் அடிப்படை. குதிரைக்கு நஞ்சை மிகச் சிறிய அளவில் செலுத்தி, வாரக்கணக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். குதிரையின் உடம்பு அந்த நஞ்சைப் பிடித்து முடக்கும் ‘எதிர்ப்பொருள்’ என்ற புரதங்களை உற்பத்தி செய்கிறது. இரத்தத்தை எடுத்து, தெளிநீரைப் பிரித்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்தலாம். பிறகு பெப்சின் என்ற செரிமான நொதியால் ஒவ்வோர் எதிர்ப்பொருளின் வாலையும் நறுக்குகிறார்கள். மனித உடம்பில் ஒவ்வாமையைக் கிளப்புவது அந்த வால்தான். இப்படிக் கிடைப்பதில் ஒரு குப்பி கண்ணாடி விரியன் நஞ்சில் 6 மில்லிகிராமை முடக்கும். ஒரு கடியில் 63 மில்லிகிராம் என்று பார்த்தோம். முதல் தவணையாகப் பத்துக் குப்பி வரை ஏற்றும் கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

குதிரைக்குக் கொடுக்க நஞ்சு வேண்டும். நஞ்சுக்குப் பாம்பு வேண்டும். பாம்பைப் பிடிக்க இருளர் பழங்குடியினர் வேண்டும். தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்களின் பிழைப்பு, 1970-களில் வனவிலங்குச் சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்ததும் நின்றுபோனது. கொன்று தோலை விற்றவர்கள் உயிரோடு வைத்து நஞ்சு எடுத்தால் என்ன என்ற யோசனையில், பாம்பு ஆய்வாளர் ரொமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இந்தச் சங்கம்தான் நாட்டின் மருந்து உற்பத்திக்கான நஞ்சில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. புழுதியில் ஒரு தடம், வளைவாயில் மினுங்கும் ஒரு துண்டுச் சட்டை, சிறிது எச்சம். இவற்றிலிருந்து எந்தப் பாம்பு, எவ்வளவு பெரியது, உள்ளே இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடுவார்கள். பிடித்த பாம்பு வாய்கட்டிய மண்பானையில் சில வாரம் இருக்கும். வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கையில் கிடைத்தால் தொடாமல் விட்டுவிடுவது வழக்கம். புளோரிடா பல்கலைக்கழகம் அங்குள்ள சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட 2017-இல் இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் அழைத்துப்போனது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத இந்த அறிவுதான் குப்பி மருந்துக்கு அடித்தளம். எந்த ஆய்வுக் கட்டுரையும் இதற்குரிய மரியாதையை இன்னும் முழுமையாகச் செலுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

தலைவலி என்றேனே, அது இங்கேதான் தொடங்குகிறது. ஒரே மருந்து எல்லாப் பாம்புக்கும் போதும் என்று கல்மெத் நம்பினார். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டினும் இந்தியாவில் ஜார்ஜ் லாமும் சோதித்துப் பார்த்து அது தவறு என்று காட்டினார்கள். நல்ல பாம்பு நஞ்சுக்கு எதிராகச் செய்த மருந்தைக் கண்ணாடி விரியன் நஞ்சு பொருட்படுத்தவே இல்லை. அதனால்தான் நான்கு நஞ்சையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. நூறாண்டு கழித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் ஆய்வுக்கூடம் அடுத்த கேள்வியைக் கேட்டது: ஒரே இனப் பாம்பு என்றாலும் ஊருக்கு ஊர் நஞ்சு ஒன்றாகவா இருக்கிறது?

இல்லை. பாலைவனம், கடற்கரை, தக்காணப் பீடபூமி, வடகிழக்கு மலை என வெவ்வேறு நிலங்களின் பாம்புகளிடம் நஞ்சு சேகரித்துப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே நல்ல பாம்பு, ஒரே கண்ணாடி விரியன், ஆனால் நச்சுகளின் கலவை இடத்துக்கு இடம் வேறாக இருந்தது. எலிகளில் சோதித்தபோது, சந்தையிலுள்ள மருந்துகள் சில பகுதிகளின் பாம்புகளுக்கு எதிராக மிகவும் தடுமாறின. 2019-இல் வந்த ஆய்வு இன்னும் திடுக்கிட வைத்தது. ராஜஸ்தானின் சிந்து கட்டுவிரியன் நஞ்சு நல்ல பாம்பினுடையதைப் போல 40 மடங்கு வீரியம் உள்ளது. ஆனால் அதற்கென்று மருந்தே கிடையாது. வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகத்துக்கும் இதே நிலை. கட்டுவிரியன் என்று நாம் ஒரே பெயரால் அழைத்ததற்குள்ளேயே, பார்த்துப் பிரிக்க முடியாத புதிய இனம் ஒன்று தென்னிந்தியாவில் ஒளிந்திருந்தது. 2021-இல் அதற்கு விட்டேக்கரைச் சிறப்பிக்கும் வகையில் ரொமுலசி என்று பெயரிட்டார்கள். உயிரினப் பட்டியலில் சேரும் ஒரு புதுப் பெயர் மருத்துவமனைக் கட்டில்வரை வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நஞ்சு ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? 34 இடங்களில் பிடித்த 115 கண்ணாடி விரியன்களின் நஞ்சை அதே குழு அலசி, 2025-இல் முடிவுகளை வெளியிட்டது. வெப்பமும் மழையும் நஞ்சின் தன்மையோடு பொருந்திப் போயின. வறண்ட இடங்களில் புரதத்தை வெட்டும் நொதிகள் ஓங்கியிருந்தன. இதைக் கொண்டு, பாம்பைப் பிடிக்காமலேயே ஓர் ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்து அங்குள்ள விரியனின் நஞ்சு எப்படி இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்ல முடிகிறது. கடலோர ஈரம் ஒரு பக்கம், ராயலசீமையின் வறட்சி இன்னொரு பக்கம் என இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்து விரியன்களைத் தனியாக ஆராய்ந்தால் மிகுந்த பயன் இருக்கும் என்று நினைக்கிறேன். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தபோது வரைந்த எல்லைக்கோடு பாம்புக்குத் தெரியாது. மழைக்கோடு தெரியும்.

கடி எங்கே, எப்போது, எந்தப் பாம்பு என்ற விவரம் இல்லாமல் ஊருக்கு ஊர் மாறும் நஞ்சின் வரைபடம் நிறையாது. 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இப்போது மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும்.

ஊருக்கொரு மருந்து செய்வது ஒரு வழி. எல்லா ஊர் நச்சுக்கும் பொதுவாக இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பது இன்னொரு வழி. சுனகரின் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இரண்டாவதைச் செய்தன. கோடிக்கணக்கான ஈஸ்ட் செல்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் வெவ்வேறு மனித எதிர்ப்பொருளை முளைக்கவைத்து, பல பாம்புகளின் நரம்பு நச்சை அவற்றின் முன் வைத்தார்கள். பலவகை நச்சையும் பிடித்துக்கொண்ட எதிர்ப்பொருள் ஒன்று தேறியது. பாம்பு தன் நச்சில் எதை மாற்றினாலும் இந்தப் பகுதியை மாற்ற முடியாது. மாற்றினால் அது நம் ஏற்பியில் உட்காராது. அந்தப் பகுதியைத்தான் இந்த எதிர்ப்பொருள் பிடிக்கிறது. ஒற்றைக்கண் நாகம், தைவான் கட்டுவிரியன், ஆப்பிரிக்காவின் கருப்பு மாம்பா என மூன்றின் நஞ்சிலிருந்தும் எலிகளைக் காப்பாற்றியது. நஞ்சேற்றி 20 நிமிடம் கழித்துக் கொடுத்தபோதும் வேலை செய்தது. முடிவுகள் 2024-இல் வெளியாயின. குதிரை தேவையில்லை. மனித எதிர்ப்பொருள் என்பதால் ஒவ்வாமை அச்சமும் குறைவு.

ஆனால் இது ஒரு குடும்பத்து நரம்பு நச்சுக்கு மட்டும்தான். நம் வயல்வெளிக் கண்ணாடி விரியனுக்கு உதவாது, அதன் நச்சுகள் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அங்கே வேறொரு மருந்து முயற்சியில் இருக்கிறது. இதயநோய்க்கென்று உருவாக்கி, அதில் பலன் தராமல் ஒதுக்கப்பட்ட வரெஸ்பிளாடிப் என்ற மருந்து, பாம்பு நஞ்சின் ஒரு முக்கிய நொதிக் குடும்பத்தை முடக்குகிறது. அதை வாய்வழியே கொடுக்கலாம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்புக்கடி நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்து இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாக எல்லோரையும் பார்த்தால் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. கடித்த ஐந்து மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களிடம் மட்டும் நல்ல அறிகுறி தெரிந்தது. அம்மையார்குப்பத்தின் வரப்பில் கடிபட்டவருக்கு அங்கேயே ஒரு மாத்திரை கொடுத்து, திருத்தணி போய்க் குப்பி மருந்து ஏற்றும்வரை நஞ்சின் வேகத்தைத் தடுத்துவைப்பதுதான் இதன் நோக்கம்.