எறும்புத்தின்னி வந்தால் கரையான் ஒழியுமா?

"தொலைக்காட்சியில் பெரிய எறும்புத்தின்னி ஒன்றைக் காட்டினார்கள். ஒரு நாளைக்கு 30,000 எறும்பு, கரையான் தின்னுமாம். நாலைந்தை வாங்கி விட்டால் என் தென்னந்தோப்பில் கரையான் ஒழியாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, கேள்வி நல்ல கேள்விதான்.

அது தென் அமெரிக்கப் பிராணி. பிரேசில் நாட்டுப் புல்வெளிகளில் திரிவது. வாலோடு சேர்த்து ஆறேழு அடி நீளம். வாயில் ஒரு பல் கூடக் கிடையாது. நாக்கு மட்டும் 2 அடி. முன்னங்கால் நகத்தால் புற்றில் ஓட்டை போட்டு, பிசின் போன்ற எச்சில் ஊறிய நாக்கை நிமிடத்துக்கு 150 தடவை வரை நீட்டி இழுக்கும். கூடவே உள்ளே போகும் மண்ணும் வீணில்லை. கோழி கல்லைக் கொத்தி விழுங்குகிறதே, அதுபோல வயிற்றில் இரையை அரைக்க உதவும்.

ஆனால் ஒரு புற்றில் அது நிற்பது சுமார் ஒரு நிமிடம்தான். காவல் கரையான்கள் திரண்டு வந்து கடித்ததும் அடுத்த புற்றுக்கு நடையைக் கட்டிவிடும். புற்றை அடியோடு தோண்டாது. கரையான்கள் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இது இன்னொரு நாள் வரும். பால் கறப்பவர் மாட்டை அறுப்பாரா? ஆகவே கரையான் குறையலாம், ஒழியாது. தோப்புக்கு நன்றாக மக்கிய எருவை மட்டும் போடுங்கள், வேப்பம் புண்ணாக்கும் வையுங்கள்.

இதே தீனி தின்னும் பிராணி நம் காட்டிலும் உண்டு. அழுங்கு. பிரேசில்காரனுக்குச் சொந்தமில்லை, ஆனாலும் இதற்கும் பல் இல்லை, நீள நாக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மானாவாரிக் கடலைக்காட்டில் வரப்போரம் புற்றைப் பறித்துப் போட்டிருந்தது. பன்றி என்று கண்ணி வைக்கத் தயாரானார்கள். செடி ஒன்றுகூடச் சாயவில்லை, புற்று மட்டும்தான் கலைந்திருந்தது. அதைக் காட்டிய பிறகே விட்டார்கள்.

செதிலுக்காக இதைப் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனதுதான். மருந்து எதுவும் அதில் இல்லை. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வயலில் சுருண்டு கிடந்தால் தொடாதீர்கள், நாயைக் கட்டிப் போடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் இருட்டியதும் தானே போய்விடும்.