நிலத்தில் கிடைத்த கல்

பாட்டன் காலத்து நிலத்தை உழுகையில் ஏர்முனையில் தட்டுப்படும் விசித்திரக் கல்லை என்ன செய்வது? அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் இது வெறும் வேடிக்கை விஷயமன்று. அங்கே சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் கடல் பரவியிருந்தது. அக்கடலின் பிராணிகளே இன்று கல்லாகக் கிடைக்கின்றன.

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் குன்னத்தில் மண்ணெடுத்தபோது முட்டை வடிவக் கற்கள் வெளிவந்தன. டைனோசார் முட்டைகளென்று செய்தி எங்கும் பரவிற்று. பூகர்ப்ப சாஸ்திரிகள் பார்த்து, அவை அம்மோனைட் என்னும் கடற்பிராணியைச் சுற்றி வண்டல் இறுகிய உருண்டைகளென்றனர். உருண்டையானதெல்லாம் முட்டையாகிவிடாது. முட்டையானால் மெல்லிய ஓடும், அதில் நுண்துளைகளும் இருத்தல் வேண்டும்.

அம்மோனைட்டை அறிவது எளிது. நத்தையின் சுருள் ஒரு பக்கமாக எழும்பி நிற்கும். பெரும்பாலான அம்மோனைட்டுகளின் சுருளோ தட்டையாய், இருபுறமும் ஒரே மாதிரியாயிருக்கும். ஓடு உரிந்த இடத்தில் இலையோரம் போல் நெளிந்த கோடுகள் தெரியும். கண்டகி நதியின் சாளக்கிராமங்களிலும் இவ்வினப் படிவங்கள் உண்டென்பது பலர் அறியாதது. கல்மரமானால் மரத்தின் நார்வரியைத் தேட வேண்டும்.

இப்பகுதிப் படிவங்களை 1840-களில் கே, கன்லிஃப் என்னும் வெள்ளையர் சேகரித்தனர். அவை லண்டன் சேர்ந்தன. 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை வர்ணித்தார். நம் மண்ணின் பொருளுக்கு அங்கேதான் பெயர் சூட்டு விழா!

ஆனால், நம்மவர் கையிலேயே நேர்ந்த நஷ்டம் இதனினும் பெரிது. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1980-களில் யாதகிரியும் அய்யாசாமியும் பிருஹத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். முழங்காலின் கீழெலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். அப்படிவங்கள் நொறுங்கி மறைந்தன. எஞ்சியவை வர்ணனையும் படங்களுமே. அது எலும்பா, கல்மரமா என்று சிலர் சந்தேகித்தபோது, எடுத்துக் காட்டுவதற்குக் கல் இல்லை.

ஆகையால் நிலத்துக்காரர் அவசரப்பட்டு உடைக்கவோ, திராவகத்தில் கழுவவோ வேண்டாம். கிடைத்த இடத்திலேயே அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளட்டும். எலும்பென்று தோன்றினால் தோண்டாமல் மூடி வைக்கட்டும். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, பூகர்ப்பப் பாடமுள்ள கல்லூரிக்கோ தெரிவிக்கலாம். அரியலூரையடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகமும் உள்ளது. கையிலுள்ள கல்லை அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் போதும்.