டொராண்டோவில் ஜாகை எங்கே?

நம் சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு காண வரும் யாத்ரிகருக்கு ஜாகையைப் பற்றி அதிகக் கவலையில்லை. சத்திரம் நிரம்பினால் உறவினர் வீட்டுத் திண்ணை. அதுவும் நிரம்பினால் வீதியோரத்தில் ஒரு துண்டை விரித்துப் படுத்தெழுந்து, கோமதியம்மன் தபசைத் தரிசித்து ஊர் திரும்புவர். கடல் கடந்து செல்வோர் விஷயம் அப்படியன்று. பிள்ளைகள் கனடா தேசத்திற்குச் சென்றுவிட்டபடியால், டொராண்டோ நகருக்குச் சில வாரம் போய்வர உத்தேசித்துள்ள அன்பர்கள், எப்பகுதியில் தங்குவது உசிதமென்று நம்மை வினவுகின்றனர். இவர்களிற் பலர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவராதலின், நமது விடை அறை வாடகையைச் சொல்வதோடு நின்றுவிடலாகாதென்று கருதுகிறோம்.

டொராண்டோ ஒண்டாரியோ ஏரியின் வடகரையில் உள்ளது. ஏரி என்றதும் நம்மூர்க் கண்மாயை நினைத்துவிடக் கூடாது. அது சுமார் 19,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. உப்பில்லாத சமுத்திரமென்றே சொல்லலாம். 2021-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி நகரின் ஜனத்தொகை 27,94,356. அவர்களிற் பாதிக்குச் சற்றே குறைந்தவர் பிற தேசங்களிலிருந்து குடியேறியவர். சீனர், இத்தாலியர், போர்ச்சுகீசியர், கிரேக்கர், பிலிப்பைன்ஸ் தீவினர், ஈழத் தமிழர் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பாஷையும் பலகாரமும் மாறுகின்றன. ஆகவே அந்நகரில் எங்கே தங்குவது என்னும் கேள்விக்கு, யாரிடையே தங்குவது என்பதே பொருள்.

விமான நிலையத்தின் பெரும்பகுதி பக்கத்து நகரமான மிஸ்ஸிஸாகாவில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் டொராண்டோவின் பெயரைத் தாங்கி நிற்கும். வாடகையும் சகாயமாகத் தோன்றும். அங்கே தங்கியவர் நாள்தோறும் பிரயாணத்திலேயே பொழுதைக் கழிக்க நேரும். நகரின் மத்தியிலுள்ள யூனியன் ஸ்டேஷனுக்கு விமான நிலையத்திலிருந்து 2015-ம் வருஷம் முதல் தனி ரயில் ஓடுகிறது; 25 நிமிஷத்தில் கொண்டு சேர்க்கும். ஸ்டேஷனுக்கு எதிரே 1929-ல் திறக்கப்பட்ட ராயல் யார்க் ஹோட்டல் அரண்மனை போல் நிற்கிறது. ஏரிக்கரையும், தீவுகளுக்குச் செல்லும் படகுத்துறையும் அங்கிருந்து நடக்கும் தூரமே. நம் போன்றவர் மடிக்கு அது கனமான இடம்.

கிழக்கே ஸ்கார்பரோ என்னும் பகுதி. தமிழில் எழுதிய கடைப் பலகைகளும், இடியாப்பமும் கொத்து ரொட்டியும், தமிழில் விசாரித்து மருந்து கொடுக்கும் வைத்தியரும் அங்கே உண்டு. இந்தத் தமிழகம் தானாக முளைத்ததன்று. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடுகள் கொளுத்தப்பட்ட பின், உயிர் பிழைக்க வந்தவர் கட்டியது. 1986 ஆகஸ்டில் 155 தமிழர் இரண்டு திறந்த படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்தபோது, அந்நாட்டுச் செம்படவர் அவர்களைக் கரை சேர்த்தனர். அந்தச் சரித்திரத்தை அறிந்தவன் ஸ்கார்பரோவைப் பாராமல் திரும்பலாகாது. ஆனால் அங்கேயே முழுதும் தங்கிவிடுவது, யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்து கனடா பார்த்தேன் என்பதற்கு ஒப்பாகும். போக்குவரத்தும் அங்கே சற்றுக் கஷ்டம். 2023 ஜூலையில் வண்டியொன்று தடம்புரண்ட பின், ஸ்கார்பரோவின் சிறு ரயில் நிரந்தரமாய் மூடப்பட்டது. பதிலாகச் சுரங்க ரயில் வேலை நடந்து வருகிறது. கிழக்கு மேற்காக ஓடும் பழைய சுரங்க ரயில் கென்னடி ஸ்டேஷனோடு முடிகிறது. அப்பாதையில், கிரேக்கர் வாசம் செய்யும் டான்ஃபோர்த் வீதியருகே ஜாகை கொள்வதே நமது அபிப்பிராயம். இருபக்கமும் எளிதிற் போய்வரலாம். ஒரு முறை கொடுக்கும் கட்டணம் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும்.

வீடுகளில் அறை எடுப்போர் சட்டத்தைச் சற்று அறிந்திருத்தல் நலம். ஒருவர் தாம் மெய்யாக வசிக்கும் வீட்டை மட்டுமே இவ்விதம் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடலாம். வீடு முழுவதையும் விடுவதானால் வருஷத்தில் 180 இரவுகளுக்கு மேற்படலாகாது. நகரசபையிற் பதிந்த எண்ணை விளம்பரத்திற் காட்டவேண்டும். குடியிருப்போருக்கே வீடு கிடையாமல் வாடகை ஏறியபடியால் வந்த விதி இது. எண் இல்லாத விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டுவது அறியாமை.

வக்கீல் தொழிலைப் பற்றிய பழக்கத்தால் இன்னொரு பத்திரத்தைக் குறித்தும் சொல்லத் தோன்றுகிறது. அந்நகர் நிற்கும் பூமி மிஸ்ஸிஸாகா என்னும் பூர்வகுடிகளுடையது. 1787-ல் பிரிட்டிஷார் அதை வாங்கியதாகச் சொல்லிக்கொண்டனர். பின்னர் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், எழுத்தே இல்லாத வெற்றுத்தாளில் தலைவர்களின் அடையாளக் குறிகள் மட்டும் ஒட்டப்பட்டிருந்தன! எல்லையில்லை, விலையில்லை. 1805-ல் மறுபத்திரம் எழுதினர். சுமார் 2,50,000 ஏக்கருக்குக் கொடுத்த தொகை பத்து ஷில்லிங். நம் முன்சீப் கோர்ட்டில் இத்தகைய பத்திரத்தைத் தாக்கல் செய்தால் குமாஸ்தாவே சிரிப்பார். அவ்வினத்தார் விடாமல் வழக்காடினர். 2010-ல் கனடா சர்க்கார் 14½ கோடி டாலர் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்தது. இருநூறு வருஷம் கழித்தாயினும் அநீதி ஒப்புக்கொள்ளப்பட்டதே என்று மகிழ்வதா, இத்தனை காலம் சென்றதே என்று வருந்துவதா?

அதே நகரில் 2023 கோடையில், ஆப்பிரிக்காவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர் பலர் பீட்டர் வீதியிலுள்ள நகரசபை அலுவலகத்தின் வெளியே, நடைபாதையில், மழையிலும் வெயிலிலும் கிடந்தனர். செலவு யாருடையதென்று நகரசபையும் மத்திய சர்க்காரும் தர்க்கம் செய்துகொண்டிருக்க, கறுப்பு இனத்தாரின் மாதாகோவில்கள் கதவைத் திறந்தன. 1986-ல் படகிலிருந்தவரைத் தூக்கிவிட்ட தேசமும் இதுதான். நம் தேசாபிமானிகள் 553 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின்மேல் ஏறுமுன் பீட்டர் வீதியில் சிறிது நடந்து வருவாராக. இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை.

செல்லும் காலம் வைகாசி முதல் புரட்டாசி வரை உத்தமம். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடா பார்லிமெண்ட் 2016-ல் அங்கீகரித்திருப்பதால், பொங்கலுக்கே போக ஆசைப்படுவோரும் உண்டு. அவர்கள் ஸ்டேஷனிலிருந்து வீடு எத்தனை அடி தூரமென்பதை வாடகைக்கு முன்னால் விசாரிக்க வேண்டும். கம்பளி உடுப்பை அங்கே வாங்கிக்கொள்வதே மேல். திருநெல்வேலியில் வாங்கும் சால்வை விமான நிலைய வாசலைத் தாண்டாது.