3,500 வாட் வெப்பத்தை எங்கே தள்ளுவது?

வீட்டில் பிட்காயின் மைனிங் மெஷின் வைக்க நினைப்பவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் என்று கேட்கிறார்கள். வெப்பத்தைப் பற்றிய கேள்வி, மெஷின் வந்து இறங்கி அறை கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு 'கணக்குப் போடுவதற்கு' செலவாகிவிடும், மிச்சம் மட்டுமே சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. சிப்புக்குள் போகும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 3,500 வாட் எடுக்கும் மெஷின் என்றால், 3,500 வாட் ஹீட்டர் என்றே பொருள். போனஸாகக் கொஞ்சம் ஹாஷ் (மெஷின் போட்டு முடிக்கும் கணக்கு) கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 200 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்பது லட்சம் கோடி ஹாஷ்), மின்சாரம் 3,500 வாட். ஒரு டெராஹாஷுக்கு 17.5 ஜூல் ஆகிறது. 2016-இல் வந்து உலகம் முழுக்க ஓடிய எஸ்9 மாடல் 13.5 டெராஹாஷுக்கே 1,300 வாட்டுக்கு மேல் எடுத்தது. டெராஹாஷுக்கு ஏறக்குறைய 100 ஜூல். அதே வேலைக்கு ஐந்தரை மடங்குக்கு மேல் மின்சாரம், அதே அளவு கூடுதல் வெப்பம். பழைய எஸ்9 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கு இதுதான் பதில். மைனிங் மெஷினின் தரத்தை இந்த ஜூல் கணக்கில் பாருங்கள். டெராஹாஷ் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது.

இந்த 3,500 வாட் ஒரு சின்ன அறையில் என்ன செய்யும்? 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. உள்ளே இருக்கும் காற்றின் எடை சுமார் 33 கிலோ. கதவு ஜன்னலை மூடிவிட்டு, சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை நிமிடத்தில் காற்று 10 டிகிரி ஏறிவிடும். சுவர்கள் உறிஞ்சுவதால் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் சுவரும் சூடாகிவிட்டால் அந்தத் தயவும் போய்விடும்.

உடனே ஏசி போடலாமே என்று தோன்றும். 1 டன் ஏசி மணிக்கு 12,000 பிடியூ வெப்பத்தை வெளியேற்றும். வாட்டில் சொன்னால் சுமார் 3,500. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதாவது ஒரே ஒரு மெஷினுக்காக 1 டன் ஏசி இரவும் பகலும் கம்ப்ரசர் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு மேலும் 1,000 வாட் அளவுக்குச் செலவு. மே மாத மதியத்தில் ஏசியின் திறன் குறையும்போது அதுவும் போதாது. அடுப்பை எரியவிட்டுக்கொண்டே பக்கத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைப்பது போன்ற வேலை இது. மின்சாரச் செலவு கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடும். வருமானம் ஒரு பைசா கூடாது. என் கருத்தில், ஏசி இல்லாமல் ஓடாது என்ற நிலை வந்தால் அந்த இடத்தில் மைனிங்கே வேண்டாம்.

காற்றைக் குளிர வைக்க வேண்டிய அவசியமே இல்லை. சூடான காற்று மெஷின் பக்கம் திரும்பி வராமல் வெளியே போனால் போதும். பெரும்பாலான மாடல்கள் உள்ளிழுக்கும் காற்று 40 முதல் 45 டிகிரி வரை இருந்தால் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. வெளியே 36 டிகிரி இருந்தாலும் பரவாயில்லை, அந்த 36 டிகிரிக் காற்றே மெஷினின் வாய்க்கு நேராக வந்துகொண்டிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு: பின்பக்கம் 55 டிகிரியில் வெளியேறும் காற்று சுவரில் முட்டி, மேலே எழும்பி, சுற்றிக்கொண்டு மறுபடி முன்பக்கமே நுழைகிறது. மெஷின் தன் மூச்சையே திரும்ப இழுக்கிறது. சிப் சூடு ஏற ஏற விசிறி வேகம் ஏறுகிறது, ஒரு கட்டத்தில் ஃபர்ம்வேரே மெஷினை நிறுத்திவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். மெஷினின் பின்பக்கத்தில், காற்று வெளியேறும் இடத்திலிருந்து ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் பிடித்து, புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். முன்பக்கம் நோக்கி இழுபட்டால் சூடான காற்று திரும்புகிறது என்று அர்த்தம். அட்டையோ பிளைவுட்டோ வைத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இரண்டாகத் தடுத்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நிரந்தரத் தடுப்புக்கு அட்டை வேண்டாம், தீப்பிடிக்காத போர்டு போடுங்கள். பெரிய டேட்டா சென்டர்களிலும் இதே தத்துவம்தான்: குளிர்ந்த காற்று ஒரு பக்கம், சூடான காற்று மறு பக்கம், இரண்டும் கலக்கவே கூடாது.

எவ்வளவு காற்று வேண்டும்? மெஷினைக் கடந்து போகும் காற்று 10 டிகிரிதான் சூடாக வேண்டும் என்றால், 3,500 வாட்டுக்கு நொடிக்கு சுமார் 300 லிட்டர் காற்று ஓட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கணக்கில் மணிக்கு 1,100 கனமீட்டர். 15 டிகிரி சூடாகலாம் என்றால் நொடிக்கு 200 லிட்டர் போதும். பெட்டியில் இருக்கும் எண் எதிரே தடை ஏதும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. டக்ட் மாட்டி, இரண்டு வளைவு கொடுத்து, முனையில் வலையும் அடித்தால் அதில் பெரும் பங்கு காணாமல் போய்விடும். அதனால் கணக்கில் வருவதைவிட ஒரு சைஸ் பெரிய ஃபேனாக வாங்குங்கள். டக்ட் நேராகவும் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கட்டும்.

வெளியே தள்ளும் ஃபேனைப் பற்றி யோசிப்பவர்கள் உள்ளே வரும் வழியை மறந்துவிடுகிறார்கள். மூடிய அறையில் எவ்வளவு பெரிய எக்ஸாஸ்ட் போட்டாலும், கதவிடுக்கில் சீட்டியடிக்கும் சத்தம்தான் கேட்கும். குறைந்தது 2 சதுர அடி திறப்பு வேண்டும், முடிந்தால் வடக்குப் பக்கம் அல்லது நிழல் விழும் பக்கம். மொட்டை மாடியை ஒட்டிய ஜன்னல் என்றால், சித்திரை வெயிலில் தளத்தின் மேல் தவழும் காற்று ஊர் வெப்பநிலையைவிடப் பல டிகிரி கூடுதலாகவே இருக்கும். கொசுவலை அடித்த ஜன்னலாக இருந்தால் வலையை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தூசி அடைந்த வலை பாதிச் சுவருக்குச் சமம்.

இதுவரை சொன்னது உண்டான வெப்பத்தை வெளியேற்றும் கதை. வெப்பத்தை உண்டாக்காமலே இருப்பது அதைவிட லாபம். சிப் எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் கூடும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், மின்னழுத்தத்தையும் ஏறக்குறைய அந்த அளவு இறக்க இடம் கிடைக்கிறது. 0.9-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 0.73. ஹாஷில் 10 சதவீதம் போகிறது, மின்சாரத்தில் 27 சதவீதம் மிச்சமாகிறது. நம் எஸ்21 கணக்குப்படி 180 டெராஹாஷும் 2,550 வாட்டும். பவர் சப்ளையும் விசிறியும் எடுப்பது இதே விகிதத்தில் குறையாது, ஒரு எல்லைக்குக் கீழே மின்னழுத்தத்தை இறக்கவும் முடியாது. ஆகவே நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆனாலும் தேவைப்படும் காற்று 300 லிட்டரிலிருந்து 220-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பல மாடல்களில் இதற்கென்றே 'லோ பவர்' மோடு இருக்கிறது. பிரெய்ன்ஸ் போன்ற வெளி ஃபர்ம்வேர்களில் 'இத்தனை வாட்டுக்குள் ஓடு' என்று கட்டளையே கொடுத்துவிடலாம். வெளி ஃபர்ம்வேர் போட்டால் வாரன்டி போகுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசிறிக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. விசிறி எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் செலவு பாதியாகும். சத்தமும் சுமார் 5 டெசிபல் குறையும். இந்த மெஷின்களின் சத்தம் 75 டெசிபல் அளவு, பக்கத்தில் நின்று பேசக் குரலை உயர்த்த வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வெப்பத்துக்கு முன்பே சத்தம் சண்டையைக் கொண்டுவரும். சிப் சூடு குறைவாக இருந்தால் அதில் வீணாகக் கசியும் மின்சாரமும் குறையும். ஆக, நல்ல காற்றோட்டம் தன் செலவைத் தானே கொஞ்சம் திருப்பித் தருகிறது.

கிராபிக்ஸ் கார்டில் எத்தீரியத்தின் ஈதர் நாணயத்தை மைனிங் செய்த காலத்திலும் பாடம் இதுவாகத்தான் இருந்தது. 320 வாட் கார்டை 230 வாட்டுக்கு மட்டுப்படுத்தி ஓட்டியவர்கள் ஹாஷில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டது. அதோடு அந்த அத்தியாயம் பெரும்பாலும் முடிந்தது.

ஒயரிங்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 3,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டின் விளிம்பு அது. கீசர் 10 நிமிடம் அவ்வளவு இழுப்பது வேறு, நாள் முழுக்க இழுப்பது வேறு. தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எலக்ட்ரீஷியன்களின் பொதுவான கணக்கு. தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி, இன்டஸ்ட்ரியல் சாக்கெட், முறையான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம். முதல் வாரத்தில் அவ்வப்போது மெஷினை நிறுத்திவிட்டு, எம்சிபியை இறக்கி, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சர்க்யூட் போர்டின் எதிரிகள். ஓடும் மெஷினில் சூடு இருப்பதால் ஈரம் அண்டாது. நிறுத்திவைத்த மெஷினில்தான் தூசியின் மேல் ஈரம் படிந்து ஷார்ட் ஆகும். தண்ணீர் ஏர்கூலரைப் பக்கத்தில் வைக்கும் யோசனை அதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. சென்னையில் அது குளிர்ச்சியும் தராது. மாதம் ஒரு முறை மெஷினை அணைத்து புளோயரால் தூசி ஊதுங்கள், ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷினை மின்கடத்தா எண்ணெயில் முக்கி ஓட்டும் முறையும் உண்டு. சத்தம் இருக்காது, தூசி இருக்காது. ஆனால் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். எண்ணெய் வாங்கிக்கொள்ளும் வெப்பமும் கடைசியில் வெளிக்காற்றுக்குத்தான் போக வேண்டும். ஒற்றை மெஷினுக்கு அது வீண் ஆடம்பரம்.

குளிர் நாடுகளில் இந்த வெப்பமே வரவு. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு ஸ்பா மைனிங் மெஷின்களின் சூட்டில் குளங்களை வெதுவெதுப்பாக்குகிறது. ஃபின்லாந்தின் சட்டகுந்தா பகுதியில் 2024-இல் மாரா நிறுவனம், மெஷின் வெப்பத்தை ஊருக்கான சூடாக்கும் குழாய்களில் விடும் சோதனையைத் தொடங்கியது. எப்படியும் ஹீட்டருக்குக் கொடுக்கப் போகும் காசு, அதில் ஹாஷும் கிடைக்கிறது. நமக்கு ஊட்டியில் மார்கழி, தை இரண்டு மாதம் வேண்டுமானால் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

சமவெளியில்? எஸ்21 ஒரு நாளைக்கு 84 யூனிட் எடுக்கும். இரண்டு மாத ஈபி பில்லில் 5,040 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட் விலை 11 ரூபாயைத் தாண்டுகிறது. 11 என்றே வைத்தாலும் நாளுக்கு 924 ரூபாய். வரவைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் ஒவ்வொரு பிளாக்குக்கும் மைனருக்குக் கிடைக்கும் பரிசு 3.125 பிட்காயினாகக் குறைந்த பிறகு, உலகம் முழுக்கச் சேர்த்து ஒரு நாளைக்குப் புதிதாக வருவது சுமார் 450 பிட்காயின். 2025-இல் மொத்த நெட்வொர்க் நொடிக்கு 100 கோடி டெராஹாஷைத் தொட்டது. அதில் 200 டெராஹாஷின் பங்கு நாளுக்கு 0.00009 பிட்காயின். ஒரு பிட்காயின் 1 கோடி ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 900 ரூபாய். எக்ஸாஸ்ட் ஃபேன் செலவும் மெஷின் விலையும் இதில் சேரவில்லை. விற்கும்போது 30 சதவீத வரி உண்டு. மைனிங் கட்டமைப்புக்கான செலவை அதில் கழிக்க முடியாது என்று மத்திய அரசு 2022-இல் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்திவிட்டது. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாக மின்வாரியம் முடிவு செய்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் வேறு. சோலார் போடலாம் என்றால், 84 யூனிட்டுக்கு 20 கிலோவாட்டுக்கு மேல் பேனல் வேண்டும். வழக்கமான 3 கிலோவாட் மாடி பேனல் தருவது 12 யூனிட்.

கற்றுக்கொள்ளும் ஆசைக்கு பிட்ஆக்ஸ் போன்ற உள்ளங்கை அளவு மெஷின் போதும். 18 வாட்டில் ஒரு டெராஹாஷுக்கு மேல் தரும். இரண்டு மாதத்துக்கு 26 யூனிட்தான். வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வேகம், மின்னழுத்தம், சிப் சூடு மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதை மேஜை மேலேயே பார்த்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் பெரிய மெஷின்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மே மாத மதியம் ஒன்றில், மெஷின் வைக்கப் போகும் அறையில் 2,000 வாட் ரூம் ஹீட்டரை ஓடவிட்டு, எக்ஸாஸ்ட்டைப் போட்டு, காற்று உள்ளே வரும் இடத்துக்குப் பக்கத்தில் மெஷின் நிற்கப் போகும் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். அறையைவிட்டு நகராமல் 3 மணி நேரம் பாருங்கள். செலவு 6 யூனிட். அந்தத் தெர்மாமீட்டர் 40-ஐத் தாண்டினால், அதைவிட ஒன்றே முக்கால் மடங்கு வெப்பம் தரும் மெஷினை அந்த அறைக்கு வாங்க வேண்டாம்.