இரண்டு லட்சம் பேர் பார்த்த பிறகும்

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை செய்யும் ஒருவர் சாயம் காய்ந்த துணியில் முடிச்சுகளை அவிழ்க்கிறார். நூல் கழலக் கழல, அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. இந்த அரை நிமிடக் காட்சியை அவர் இன்ஸ்டாகிராமில் ரீலாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள், லைக்குகள் குவிகின்றன. அடுத்த வாரம் கூகுளில் ‘சுங்குடிச் சேலை’ என்று தேடினால் அவருடைய இணையதளம் பழையபடி மூன்றாம் பக்கத்தில்தான் கிடக்கிறது.

இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் தேடுபொறி எதை எண்ணுகிறது என்று தெரிந்துவிட்டால் புதிர் விலகிவிடும். அந்தக் கணக்கு மிக அழகானது என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

1990-களின் நடுப்பகுதித் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களையே நம்பின. ஒரு சொல்லை நூறு முறை திணித்தவர் முன்னால் வந்துவிடுவார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த லாரி பேஜ் வேறு திசையில் யோசித்தார். ஓர் ஆய்வுக் கட்டுரையின் மதிப்பை, அதைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அளப்பது கல்வி உலகின் பழைய வழக்கம். ஒரு வலைப்பக்கம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பும் அப்படி ஒரு மேற்கோள்தானே? அவரும், பின்னர் அவரோடு சேர்ந்து கூகுளைத் தொடங்கிய செர்ஜி பிரினும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த யோசனை ‘பேஜ்ரேங்க்’ என்ற கணக்காக உருப்பெற்றிருந்தது.

கணக்கு இதுதான். இணையத்தில் ஒருவர் இலக்கின்றி அலைகிறார். நிற்கும் பக்கத்தில் உள்ள இணைப்புகளில் ஏதோ ஒன்றைச் சொடுக்கி அடுத்த பக்கத்துக்குப் போகிறார். நூற்றுக்கு 85 முறை இப்படி. மீதி 15 முறை சலிப்புத் தட்டி, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுகிறார். இவர் முடிவின்றி அலைந்தால், தன் நேரத்தில் எத்தனை பங்கை எந்தப் பக்கத்தில் கழிப்பார்? அந்தப் பங்குதான் அந்தப் பக்கத்தின் மதிப்பு.

மூன்றே பக்கங்கள் கொண்ட ஒரு குட்டி இணையத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். அ என்ற பக்கம், ஆ, இ இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது. ஆ, இ-க்கு மட்டும் தருகிறது. இ, அ-வுக்கு மட்டும் தருகிறது. தொடக்கத்தில் மூன்றுக்கும் சம மதிப்புக் கொடுத்து, இணைப்புகளின் வழியே மதிப்பைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்துகொண்டே போனால் எண்கள் சிறிது நேரம் ஏறி இறங்கி, பிறகு ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன: அ 38.8 விழுக்காடு, ஆ 21.5, இ 39.7.

அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ளே வருவது ஒரே ஓர் இணைப்புதான். ஆனாலும் அ-வின் மதிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆ-வுக்குக் கிடைப்பது அ இரண்டாகப் பிரித்துத் தரும் பாதி. அ-வுக்குக் கிடைப்பதோ, இரண்டு பக்கங்கள் சுட்டிக்காட்டும் இ தன் முழு மதிப்பையும் கொண்டு வந்து கொடுப்பது. எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பதோடு, சுட்டுகிறவரை யார் சுட்டுகிறார்கள் என்பதும் கணக்கில் ஏறுகிறது. ஒன்றின் மதிப்பு மற்றதைச் சார்ந்து, அது மறுபடி இதைச் சார்ந்து நிற்கும் இந்தச் சுழல், முடிவில்லாமல் சுற்றாமல் ஒரே விடையில் வந்து அமர்வதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 2.6 கோடிப் பக்கங்களுக்கு இந்தக் கணக்கைச் சில மணி நேரத்தில் ஒரு நடுத்தரக் கணினியிலேயே போட்டுவிடலாம் என்று அந்தக் கட்டுரை சொன்னது. இன்று கூகுள் பார்க்கும் அடையாளங்கள் எத்தனையோ. இருந்தாலும் இணைப்பின் மதிப்பு அவற்றில் ஒன்றாக இன்னும் இருக்கிறது.

இப்போது லைக்குக்கு வருவோம். லைக் என்பது பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போகும் இணைப்பு அல்ல. இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே இணைய முகவரியை எழுதினால்கூட அது சொடுக்கக் கூடியதாக ஆவதில்லை, வெறும் எழுத்தாகவே நிற்கும். ஃபேஸ்புக்கிலோ எக்ஸிலோ இடும் முகவரி இணைப்பாக மாறும், ஆனால் அதன் நிரலுக்குள் ‘நோஃபாலோ’ என்று ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். தேடுபொறியைப் பார்த்து, இந்த இணைப்புக்கு நான் பொறுப்பில்லை, இதன் வழியே மதிப்பைக் கடத்தாதே என்று சொல்லும் குறி அது. கருத்துப் பெட்டிகளில் விளம்பர இணைப்புகளைக் கொட்டியவர்களைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து அதை ஏற்றுக்கொண்டன. 2019-இல் கூகுள் அதைக் கட்டளை என்ற நிலையிலிருந்து குறிப்பு என்ற நிலைக்குத் தளர்த்தியது. ஆனாலும் இந்தத் தளர்வை நம்பி எவரும் திட்டம் போட முடியாது.

லைக்குகளை நேரடியாகவே எண்ணிவிட்டால் என்ன? கூகுளிலேயே இந்தப் பேச்சு மாறியிருக்கிறது. 2010 டிசம்பரில், சமூக ஊடகப் பகிர்வுகளை ஓரளவு கவனிக்கிறோம் என்றார்கள். ட்விட்டரின் (இன்றைய எக்ஸ்) பதிவுகளை உடனுக்குடன் பெறும் ஒப்பந்தம் 2011 ஜூலையில் முடிந்தது. 2014 ஜனவரியில் கூகுள் பொறியாளர் மேட் கட்ஸ், பின்தொடர்வோர் எண்ணிக்கையோ லைக்குகளோ தரவரிசையில் சேர்வதில்லை என்று காணொளியில் விளக்கினார். காரணங்கள் நியாயமானவை. அடுத்தவர் தளம் என்றைக்கு வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். உள்ளே நுழைந்து எடுத்த தகவலும் அடுத்த வாரமே பழையதாகிவிடலாம். ஒருவர் தன் பெயரை மாற்றலாம், இன்னொருவரோடு உள்ள தொடர்பைத் துண்டிக்கலாம். இதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்று: லைக்குகள் விலைக்குக் கிடைக்கின்றன. எண்ணத் தொடங்கிய மறுநாளே அந்த எண்ணுக்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

அப்படியானால், சமூக ஊடகத்தில் நன்றாக ஓடும் தளங்கள் தேடலிலும் முன்னால் நிற்பதாகக் காட்டும் வரைபடங்கள் பொய்யா? பொய் இல்லை. மழைக்காலத்தில் குடை விற்பனை ஏறுகிறது, ஏரியும் நிறைகிறது. குடை விற்று ஏரியை நிரப்ப முடியாது. நல்ல பக்கம் ஒன்று இருந்தால் அதற்கு லைக்கும் வரும், இணைப்பும் வரும். தரவரிசையை ஏற்றுவது இரண்டாவதுதான்.

ஆனாலும் அந்த இரண்டு லட்சம் பார்வைகள் வீண் இல்லை. சமூக ஊடகத்தின் உண்மையான வேலை நடப்பது மனிதர்களின் நினைவில். பார்த்தவர்களில் ஒருவர் ஜவுளி வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியராக இருக்கலாம். மாணவர்களுக்கான பாடப் பக்கத்தில், முடிச்சுக் கட்டும் முறைக்கு இங்கே பாருங்கள் என்று ஓர் இணைப்பு வைக்கிறார். இன்னொருவர் நாளிதழ் நிருபர், கட்டுரையின் இணையப் பதிப்பில் தளத்தின் முகவரியைச் சேர்க்கிறார். பலரும் சுட்டிக்காட்டும் பக்கங்களிலிருந்து வரும் இந்த இரண்டு இணைப்புகள், நம் குட்டி இணையத்தின் இ, அ-வுக்குச் செய்ததைச் செய்கின்றன.

இன்னொரு வழி 2023-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வாஷிங்டனில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில், அந்நிறுவனத்தின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சியம் சொன்னார். அவர் சொன்னபடி, தரவரிசைக்கு உதவும் ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு, எந்தத் தேடலுக்கு மக்கள் எந்த முடிவைச் சொடுக்கினார்கள் என்பதைப் பதின்மூன்று மாதங்களுக்குத் திரட்டி வைத்திருக்கிறது. ரீலைப் பார்த்தவர்கள் பத்து நாள் கழித்து, கல்யாணப் பேச்சு வந்தபோது அந்தக் கடையின் பெயரைத் தட்டித் தேடி, அந்த முடிவையே சொடுக்கினால், அது தடம் பதிக்கிறது. லைக்காகப் போய்ச் சேராத ஆர்வம் இப்படி வேறு வாசல் வழியே உள்ளே வரலாம்.

இதற்கெல்லாம் இணையதளத்தில் ஏதாவது இருக்க வேண்டும். சின்னாளப்பட்டிக்காரரின் தளத்தில் விலைப்பட்டியலும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருந்தால் ஆசிரியர் எதற்கு இணைப்புத் தருவார்? எந்தச் சாயம், ஒரு சேலைக்கு எத்தனை முடிச்சு, யார் கட்டுகிறார்கள், எப்படித் துவைத்தால் நிறம் ஓடாது என்றெல்லாம் படங்களோடு அவரே எழுதிய ஒரு பக்கம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு பெயர், கடைப் பலகையில் ஒரு பெயர், தளத்தில் இன்னொரு பெயர் என்று இருந்தால் தேடுகிறவர் பாதி வழியில் தொலைந்துவிடுவார். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். தன் இன்ஸ்டாகிராம் விவரப் பகுதியில் கொடுக்கும் இணைப்பை முகப்புக்குக் கொடுக்காமல் முடிச்சைப் பற்றிய அந்தப் பக்கத்துக்கே கொடுப்பது நல்லது. ரீலின் ஓட்டம் சில நாளில் ஓய்ந்துவிடும். அந்த நாட்களில் வந்துபோகிறவர்களில் யாரோ ஒருவர்தான் இணைப்பு வைக்கப்போகிறார்.